கண்ணை மூடினால் வலி கூடுகிறது என்கிறார் அம்மா

உங்கள் கேள்வி இது. அம்மாவுக்கு 72 வயது, சேலம் பொன்னம்மாபேட்டையில் தனியாக இருக்கிறார். நாற்பது வருடம் தறிக்குத் தார் சுற்றியவர். இரண்டு முழங்காலும் இடுப்பும் வலிக்காத நாள் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "தேய்மானம், வயசானா இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் ஓசூரில் வேலையில் இருக்கிறீர்கள். மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது உடம்பிலும் மனசிலும் இப்போது நடப்பதை அப்படியே கவனித்துப் பார்க்கும் பயிற்சி, பழகினால் வலி குறையும் என்று எங்கோ படித்து, அவர் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தீர்கள். மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். "கண்ணை மூடி உக்காந்தா வலி இன்னும் ஜாஸ்தியாத்தான் தெரியுது" என்கிறார். இதில் உண்மை உண்டா, வெறும் பேச்சா என்று கேட்கிறீர்கள்.

சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக 24 வருடம் வேலை பார்க்கிறேன். அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை பக்கத்துத் தறிக்குடும்பத்துப் பெரியவர்களையும், செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் குனிந்தே காலம் கழித்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மைண்ட்ஃபுல்னெஸ் பயன்படும். அம்மா சொல்வதும் சரி. கண்ணை மூடி, சத்தம் இல்லாத வீட்டில், வலிக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வலி கூடத்தான் செய்யும். அவருக்குக் கற்றுக்கொடுத்த விதத்தில்தான் கோளாறு.

வலி எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். மூட்டில் அடிபட்டால் அங்கிருந்து ஒரு கம்பி வழியாக மூளைக்குத் தந்தி போவது மாதிரி நாம் நினைக்கிறோம். 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு அறிவியலாளர்கள் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பது போல. கீழிருந்து வரும் சேதி எவ்வளவு மேலே போகும் என்பதை மூளையிலிருந்து இறங்கி வரும் சேதியும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்றார்கள். நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன, அடிப்படை நின்றுவிட்டது. பயம், தூக்கமின்மை, தனிமை, அதையே நினைத்துக்கொண்டிருப்பது எல்லாம் கதவைத் திறந்துவிடும். கவனம் வேறொன்றில் இருந்தாலோ, பக்கத்தில் நம்பிக்கையான ஆள் இருந்தாலோ கதவு ஒருக்களித்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் பகல் முழுக்க நின்ற கால், இரவு பாயில் படுத்த பிறகு குடைய ஆரம்பிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதனால் வலி கற்பனை என்று ஆகிவிடாது. உலக வலி ஆய்வுச் சங்கம் 1979இலேயே வலியை உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்று வரையறுத்தது. 2020இல் திருத்தியபோதும் அதை மாற்றவில்லை. ஒருவர் வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் அப்போது சேர்த்து எழுதினார்கள்.

பெரியவர்களிடம் நான் இதை அசல், வட்டி என்று சொல்வேன். இந்த ஊரில் அது எல்லோருக்கும் உடனே புரியும். முட்டியில் தேய்ந்த இடம் கொடுக்கிற வலி அசல். "இன்னிக்கே இப்படின்னா அடுத்த வருஷம் எப்படி", "மருமக கையை எதிர்பார்க்கற நிலைமை வந்துடுமோ", "பாத்ரூம்ல விழுந்தா யாரு தூக்குவா" என்பதெல்லாம் அதன் மேல் ஏறும் வட்டி. தசை இறுகுவது, மூச்சை அடக்கிக்கொள்வது, பயந்து நடக்காமல் இருப்பது, அதனால் தொடைத் தசை மெலிவது, மெலிந்ததால் முட்டி இன்னும் வலிப்பது என்று அது வட்டிக்கு வட்டியாக வளரும். மைண்ட்ஃபுல்னெஸ் அசலைத் தொடாது. வட்டியைக் குறைக்கும். அசலுக்கு உடற்பயிற்சி, தேவையான மருந்து, உடல் எடை என்று வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால் பலன் பாதிதான்.

"தேய்மானம்" என்ற சொல் மேல் எனக்கு ரொம்பக் காலமாகக் கோபம். அதைக் கேட்டதும் பெரியவர்கள் முட்டியை டயர் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டினால் தேயும், அதனால் ஓட்டக்கூடாது என்று. மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. அசைவில் அது அழுந்தி விரியும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் உள்ளே போகிறது. உட்கார்ந்தே இருந்தால் அது பட்டினி. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: எக்ஸ்ரேவில் தெரிகிற தேய்மானமும் ஆள் படுகிற வலியும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. படத்தில் மோசமாக இருக்கும் முட்டியோடு உழவர் சந்தைக்கு நடந்து போய்வருகிறவர்கள் உண்டு. லேசான மாற்றத்தோடு படி இறங்க முடியாதவர்களும் உண்டு.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று. ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அங்கே அவரிடம் வந்தவர்களில் பலர், மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் வலி அடங்காதவர்கள். இன்று ஆப்களில் வருவதெல்லாம் பெரும்பாலும் அதன் சுருக்கம். 2016இல் வந்த ஓர் ஆய்வில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 342 பேரைப் பார்த்தார்கள். 26 வாரம் கழித்து அன்றாட வேலைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள், இந்தப் பயிற்சி எடுத்தவர்களில் நூற்றுக்கு 60 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் 44 பேர். அந்த 44ஐயும் பாருங்கள். எதுவும் புதிதாகச் செய்யாமலே அத்தனை பேர் தேறியிருக்கிறார்கள். பயிற்சியின் பங்கு இடையிலுள்ள வித்தியாசம் மட்டும்தான்.

உங்கள் அம்மா வயதுக்காரர்களை வைத்தே அதே ஆண்டில் இன்னொன்று வந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 282 பேர், எல்லோருக்கும் நாள்பட்ட இடுப்புவலி. பாதிப் பேருக்கு 8 வாரம் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, மீதிப் பேருக்கு அதே 8 வாரம் முதுமையில் உடல்நலம் பேணுவது பற்றிய வகுப்பு. 8 வாரம் முடிந்தபோது குனிவது, நடப்பது போன்றவற்றில் முதல் குழு சற்று முன்னால் இருந்தது. 6 மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த முன்னிலை இல்லை. வலியின் கடுமையில் மட்டும் சிறிய நன்மை தங்கியிருந்தது. இரண்டும் இடுப்புவலி பற்றியவை. முழங்காலுக்கு முதல் இடம் உடற்பயிற்சிக்குத்தான். 2022இல் வெளியான பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. ஆகவே பெரிய அற்புதம் எதையும் அம்மாவிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். "பத்துக்கு ஆறுன்னு இருக்கற நோவு நாலரை ஆகலாம், ராத்திரி கொஞ்சம் கூடுதலாத் தூங்கலாம், பயம் குறையலாம்" என்றால் போதும். 72 வயதில் ஒரு மணி நேரம் அதிகத் தூக்கம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று அம்மா நினைத்தால் ஒரு சேதி சொல்லுங்கள். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அங்கே இருப்பது புத்தர் சிலை என்ற தொல்லியல் துறை அறிக்கையை ஏற்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மைண்ட்ஃபுல்னெஸ்ஸின் வேர் அந்தப் புத்தரிடம் இருக்கிறது. கிழவர் ஒருவர் அவரிடம் போய், வயதாகிவிட்டது, உடம்பு எப்போதும் நோயிலேயே கிடக்கிறது என்று முறையிட்டதாகப் பாலி நூல்களில் ஒரு கதை உண்டு. உன் உடம்பு நோயாளிதான், உண்மை. உடம்பு நோயுற்றாலும் மனம் நோயுறாமல் இருக்கப் பழகு என்றாராம் புத்தர். முதலில் "உண்மை" என்று ஒத்துக்கொண்டாரே, அதுதான் எனக்குப் பிடித்தது.

சரி, அம்மாவுக்கு என்ன செய்வது? ஆப்பை எடுத்துவிடுங்கள். முன்பின் தெரியாத குரல் ஒன்று புத்தகத் தமிழிலோ ஆங்கிலத்திலோ "உங்கள் சுவாசத்தை அவதானியுங்கள்" என்றால் அவருக்கு அது பரீட்சை எழுதுவது போல இருக்கும். தரையில் சம்மணம் போட வேண்டாம், கண்ணை மூட வேண்டாம், இருபது நிமிடமும் வேண்டாம். கை வைத்த நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கண் பாதி திறந்தபடி வாசலையோ செடியையோ பார்க்கட்டும். ஐந்து நிமிடம். பிறகு முக்கியமானது: வலிக்கிற இடத்தில் ஆரம்பிக்கக்கூடாது. வலிக்காத இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். எத்தனை வலி இருந்தாலும் உள்ளங்கை பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். காலைக் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தச் சூட்டை முதலில் கவனிக்கட்டும். கவனம் அங்கே நிலைத்த பிறகு, மூன்று மூச்சு நேரத்துக்கு மட்டும் முழங்காலை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி கைக்கே திரும்பிவிட வேண்டும். திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் வலியைப் பார்க்கும் தைரியம் வரும். அந்த ஆப் உங்கள் அம்மாவைத் திரும்பி வர இடம் இல்லாமல் வலிக்குள் இறக்கிவிட்டது. அதனால்தான் கூடியது.

எட்டிப் பார்க்கும்போது என்ன பார்ப்பது? இங்கே நம் மொழி பெரிய உதவி. "வலிக்குதா" என்று கேட்பதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. "என்ன மாதிரி இருக்குங்கம்மா?" என்பேன். உடனே வரும்: கடுக்குது, குத்துது, குடையுது, இழுக்குது, எரியுது, விண்விண்ணுன்னு தெறிக்குது, மதமதன்னு இருக்கு, சுருக்குன்னு பிடிக்குது, சும்மா கனக்குது. மேலே சொன்ன அதே மெல்சாக் 1975இல் நோயாளிகள் தம் வலியைச் சொல்ல ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்; அதில் 78 சொற்களைத் தேடிச் சேர்த்து 20 குழுக்களாக அடுக்கினார். நம் பாட்டிகள் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போதே அதில் பாதியைச் சொல்லிவிடுவார்கள். "வலி" என்ற ஒரே சொல் பாறாங்கல் மாதிரி, நகராது. அதையே "இப்ப கடுக்குது, குத்தல் இல்லை, வெளிப்பக்கம் கொஞ்சம் கனம்" என்று பிரித்தால் அது அசைய ஆரம்பிக்கும். ஐந்து நிமிடத்துக்குள்ளேயே மாறுவதை அவரே காண்பார். நாள் முழுக்க ஒரே மாதிரி வலிக்கிறது என்ற எண்ணம் அங்கே உடையும். மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதன் முக்கால் பங்கு இதுதான். தமிழில் மனநிறைகவனம், விழிப்புநிலை என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் அவர்களிடம் "கவனிச்சுப் பாக்கறது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அந்தச் சொற்கள் மருத்துவருக்கும் வேண்டும். சர்க்கரை இருப்பவருக்கு இரண்டு பாதத்திலும் எரிச்சலும் மதமதப்பும் என்றால் மூட்டை விட்டுவிட்டு நரம்பைப் பார்க்க வேண்டியிருக்கும். காலையில் எழுந்ததும் இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மான வகை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்து, விரல் மூட்டுகளும் வீங்கினால் வேறு வகை வாதமாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

உட்கார்ந்து பழகுவதை விட, வேலைக்கு நடுவே பழகுவதுதான் முதியவர்களுக்கு ஒட்டுகிறது. நாற்காலியிலிருந்து எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எப்படியும் இருபது முப்பது தடவை எழுந்திருப்பார். ஒவ்வொரு முறையும் வலி வருமென்று முன்கூட்டியே பயந்து, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, கையை ஊன்றி ஒரே உந்தில் எழுவார். அதை மாற்றச் சொல்லுங்கள். நாற்காலி நுனிக்கு வருவது, பாதத்தைக் கொஞ்சம் உள்ளே இழுப்பது, தரை பாதத்தில் படுவதை உணர்வது, முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுவது. இதில் கவனமும் உண்டு, தொடைத் தசைக்குப் பயிற்சியும் உண்டு. வட்டியும் குறைகிறது, அசலும் குறைகிறது. படியேறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஊன்றுகோல் பிடித்தால் அதிகம் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். இதைச் சொல்லாமலே கோலை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஏற்காட்டுப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா என்னிடம் வருவார். காப்பித் தோட்டத்தில் காலமெல்லாம் பழம் பறித்தவர், எழுபதைத் தாண்டியவர். இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் நின்றுகொண்டே இறங்கி வந்திருப்பார் சில நாள். வீடோ மேட்டில். எப்படிங்கம்மா ஏறுறீங்க என்று கேட்டேன். "நோவு வந்தப்புறம் நின்னா மறுபடி கிளம்ப முடியாது கண்ணு. வர்றதுக்கு முன்னாடியே நிப்பேன். அந்த இடம் காலுக்குத் தெரியும்" என்றார். பாடப் புத்தகத்தில் நான் படித்த விஷயம்தான், இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. நம் ஆட்கள் நேர்மாறாகச் செய்வார்கள். நன்றாக இருக்கிற நாளில் வீட்டை ஒட்டடை அடித்து, போர்வை எல்லாம் துவைத்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார்கள். கவனித்துப் பழகியவருக்கு, கடுப்பு ஆரம்பிக்கும் முன்னால் தொடை லேசாக நடுங்குவது தெரியும். அங்கேயே உட்கார்ந்து கொள்வார். வேலை மிச்சம் இருக்கட்டும்.

கவனித்துப் பொறுத்திருக்கக் கூடாத வலிகளும் உண்டு. கீழே விழுந்த பிறகு, அல்லது கனமான குடத்தைத் தூக்கிய பிறகு திடீரென வந்த முதுகுவலி. காய்ச்சலோடு சேர்ந்த வலி, சிவந்து சூடாக வீங்கிய மூட்டு. காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, படுத்தாலும் விடாமல் ராத்திரி எழுப்பும் வலி. சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, கால் பலமிழப்பது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்குவது. நெஞ்சு, தாடை, தோள் வலியோ, வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத் திணறலுமோ. இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. வயதான பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். அதேபோல, மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை அம்மா எத்தனை நாளாகப் போடுகிறார் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். சிறுநீரகம், வயிற்றுப் புண், ரத்த அழுத்தம் மூன்றையும் அது கெடுக்கும். முழங்காலுக்குப் பூசும் மருந்தே பலருக்குப் போதும், மருத்துவரிடம் கேளுங்கள். பழைய துக்கம் ஏதாவது பெரிதாக இருந்து, அமைதியாக உட்கார்ந்தால் அதுவே மேலே வந்து படபடப்பு வருகிறது என்றால் உட்காரும் பயிற்சியை விட்டுவிட்டு நடையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனசுக்குள் நெடுநாளாக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சியைக் குடும்பங்கள் தவறாகப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். "தியானம் பண்ணுங்க, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி, அதன் பிறகு வலி என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவிடாமல் செய்துவிடுகிறார்கள். உங்கள் அம்மா தலைமுறைப் பெண்களுக்குப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. அதைத்தான் அவர்கள் வாழ்நாளெல்லாம் செய்தார்கள். அவர்களுக்கு வேண்டியது, வலியைச் சொன்னால் கேட்க ஒரு ஆள். ஆப் போட்டுக் கொடுத்தபோது உங்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் அம்மாவுக்கு அது "என்கிட்ட சொல்லாத, போன்கிட்ட சொல்லு" என்று கேட்டிருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தினமும் போனில் "சாப்பிட்டியாம்மா" என்ற பிறகு, "இன்னிக்கு முட்டி என்ன மாதிரி இருந்துச்சு, கடுப்பா குத்தலா" என்று கேளுங்கள். மருந்தோ யோசனையோ சொல்லாமல் இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருங்கள். அப்புறம், அவர் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றி விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தேவைப்படுபவர்களுக்குப் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. தொடைத் தசைப் பயிற்சியை ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லித்தர வேண்டும். அடுத்து ஊருக்கு வரும்போது அம்மாவின் நாற்காலி உயரத்தைப் பாருங்கள். உட்கார்ந்தால் முட்டி இடுப்பை விட மேலே போகிறது என்றால் நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஆடாத கட்டை கொடுத்து உயர்த்துங்கள். பாத்ரூமில் ஒரு கைப்பிடி அடியுங்கள்.

அதுவரைக்கும் உங்கள் குரலிலேயே ஐந்து நிமிடம் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். என்ன சொல்வது என்று தடுமாற வேண்டாம், இப்படிப் பேசினால் போதும். இடையிடையே பத்து விநாடி சும்மா இருங்கள்.

"அம்மா, நான்தான். காப்பி போட்டுட்டியா? டம்ளரை எடுத்துக்கிட்டு நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காரும்மா. கண்ணை மூட வேண்டாம், வாசலைப் பாத்துக்கோ. ரெண்டு கையாலயும் டம்ளரைப் பிடி. சூடு உள்ளங்கையில எங்க அதிகமாத் தெரியுது, பாரு. விரல்லயா, நடுவுலயா? சும்மா பாரு. மனசு எங்கயாச்சும் போனாப் போகட்டும், மறுபடி டம்ளருக்கு வா. இப்ப ஒரு வாய் குடி. தொண்டையில இறங்கறது தெரியுதா? இப்ப முட்டியைப் பாப்போம்மா, மூணு மூச்சு நேரம்தான். என்ன மாதிரி இருக்கு? கடுக்குதா, இழுக்குதா, கனமா இருக்கா? என்ன இருக்கோ அதை வாய்விட்டே சொல்லு. சாயங்காலம் எங்கிட்டயும் அதைச் சொல்லணும். போதும், கைக்கு வந்துடு. சூடு இன்னும் இருக்கா, ஆறிடுச்சா? மிச்சக் காப்பியைக் குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வை. நாற்காலி நுனிக்கு வா. காலை உள்ள இழுத்துக்கோ. மூச்சை அடக்காதம்மா, வாயால ஊதிக்கிட்டே மெதுவா எந்திரி. எந்திரிச்சுட்டியா? அவ்வளவுதான். ராத்திரி கூப்பிடறேன்."